கேமரா நின்ன எடம்

எங்க அய்யாவைத் தனியாக நிற்க வைத்து எடுத்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்க ஆட்கள் எங்க தெருவுக்கு வந்த அன்றைக்கு அவர் பக்கத்து ஊரில் ஒரு பெரிய சாவுக்குக் கொட்டு அடிக்கப் போயிருந்தார். அதற்கப்புறம் அவரும் தேடிப் போகவில்லை, அவர்களும் வரவில்லை. 1999-இல் செத்துப்போனார். பதினாறாம் நாள் மாலை போட ஒரு படம் வேணுமே என்று அம்மை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை என்று எட்டு வருசமாக அலைந்து ஆயிரக்கணக்கான முகங்களைக் கேசட்டில் பிடித்துக் கொடுத்தவன் நான். பெத்த அப்பன் முகம் கையில் இல்லை.

சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கேசட்டில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் என்ன என்று படிக்கிற தோழர்களுக்கு விளங்காது.

சொந்த ஊர் ராயகிரி. அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். மேற்கே மலை, சுற்றிலும் குளம், வயல், தென்னந்தோப்பு. சினிமாக்காரன் எவன் வந்தாலும் முதலில் மலையைத்தான் எடுப்பான். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, படம் பார்க்க டூரிங் கொட்டகைதான். பகலில் வெளிச்சம் உள்ளே விழும் என்பதால் பொழுது அடைந்த பிறகுதான் ஆட்டம். தரை, பெஞ்சு, சேர் என்று மூணு டிக்கெட்டு. டிக்கெட்டில் சாதி எழுதியிருக்காது. ஆனால் எங்க தெருக்காரர் ஒருவரும் சேரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தரை என்றால் திரைக்கு நேர் கீழே, மணல். மணலைக் கூட்டிக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். "ஏலே, மேட்டைத் தட்டுலே, தலை மறைக்கி" என்று பின்னால் இருந்து சத்தம் வரும். தட்டிவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்து யாருக்கும் தெரியாமல் மறுபடி கூட்டுவோம்.

அங்ஙன இருந்து பார்த்தால் திரையில் வருகிற எல்லாருமே ஒசரம்தான். கதாநாயகன், வில்லன், போலீஸ்காரன், பால் ஊற்றுகிறவன் எல்லாரையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். படம் விட்டு வரும்போது கழுத்து பிடித்திருக்கும். பின்னாளில் ஸ்டுடியோவில் 'லோ ஆங்கிள்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு அது புதுசாகப் படவில்லை. தரை டிக்கெட்டுக்கு இங்கிலீஷில் அப்படிப் பேரு என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவதில் கோட்டை விட்டுவிட்டு 1991-இல் பக்கத்து டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது பரவிக்கொண்டிருந்த நேரம். தோளில் தூக்கி வைக்கிற வி.எச்.எஸ். கேமரா. எனக்கு முதலில் லைட் பிடிக்கிற வேலை. ஆயிரம் வாட்ஸ் ஆலஜன் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கேமராக்காரருக்குப் பின்னாலேயே போக வேண்டும். முழங்கை வெந்துபோகும். முதலாளி வேற சாதிக்காரர், ஆனால் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். அதை மறுக்க முடியாது. சேர்ந்த முதல் நாளே ஒரு பாடம் சொன்னார்: "எந்த ஊருன்னு கேட்டா ராயகிரின்னு சொல்லு. எந்தத் தெருன்னு கேட்டா, கேக்காத மாதிரி லைட்டத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போயிரு." நான் அப்படியே செய்தேன். மூணு வருசத்தில் கேமரா என் தோளுக்கு வந்தது.

அங்கே கற்றதைச் சொல்கிறேன். லாங் ஷாட் என்றால் தூரத்தில் இருந்து ஆள் முழுசாகவும் சுற்றி உள்ள இடமும் தெரிய எடுப்பது. இவன் எந்த இடத்துக்காரன் என்று அது சொல்லும். மிட் ஷாட் இடுப்புக்கு மேலே. என்ன செய்கிறான் என்று சொல்லும். க்ளோசப்பில் இடம் போய்விடும், முகம் மட்டும் மிஞ்சும். அவன் என்ன நினைக்கிறான் என்று பார்க்கிறவனைத் தேட வைக்கும். அப்படியானால் ஒரு படம் முழுக்க லாங் ஷாட்டில் மட்டுமே வந்துபோகிற மனுசனுக்கு நினைப்பு என்று ஒன்று இல்லை என்றாகிறது. வயலில் நாற்று நடுகிற பெண்கள், தேருக்கு முன்னால் கொட்டு அடிக்கிற ஆட்கள், பண்ணையார் வீட்டு வாசலில் நிற்கிற கூட்டம். இவர்களைத் தமிழ் சினிமாவில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? ஒரு முகம் நினைவிருக்கிறதா?

இன்னொன்று சஜஷன் ஷாட். இரண்டு பேர் பேசும்போது ஒருவரின் தோள் ஓரமாகத் தெரிய, எதிரே இருப்பவர் முகத்தை எடுப்பது. அப்புறம் திருப்பிப் போட்டு மற்றவர் முகம். முறைப்படி இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். பண்ணையாரும் வேலைக்காரனும் பேசுகிற காட்சிகளை ஒருதரம் உற்றுப் பாருங்கள். வேலைக்காரனின் தோள் வரும், வளைந்த முதுகு வரும், கக்கத்தில் இடுக்கிய துண்டு வரும். முகம் பெரும்பாலும் பண்ணையாருடையது. திருப்பிப் போட்ட ஷாட் வந்தாலும் அழுவதற்கோ கும்பிடுவதற்கோதான் வரும்.

கல்யாண வீடியோவும் இதே கணக்குத்தான். முதலாளி வண்டியில் போகும்போதே சொல்லிவிடுவார்: மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தால் க்ளோசப், கட்சிக்காரர் வந்தால் கீழே இருந்து எடு, ஆள் நல்லா இருப்பாரு, பந்தி லாங் ஷாட், மேளம், எலை எடுக்கிறவங்க, வாசல் கூட்டிப் பெருக்குறவங்க எல்லாம் "சும்மா ஒரு ஓட்டு ஓட்டிரு". பணம் கொடுத்தவன் தன் முகத்தைத்தானே கேட்பான் என்று நியாயம் பேசலாம். சினிமாவுக்கும் பணம் போட்டது யார் என்று அதே வாயால் கேட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் கேமரா கண்டுபிடித்தது என்று நான் நம்பவில்லை. கேமரா வருவதற்கு முன்பே ஊரில் ஆங்கிள் இருந்தது. பெரிய வீடுகளுக்குத் திண்ணை எதற்கு அத்தனை ஒசரத்தில் கட்டியிருக்கிறான்? அவன் உட்கார்ந்திருந்தாலும் தெருவில் நிற்கிறவனின் கண் அவன் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊர்த் தெருவுக்குள் சைக்கிளில் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போ என்பது எதற்கு? சைக்கிளில் உட்கார்ந்தால் ஓரடி ஒசரம் கூடிவிடும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எங்கே குனிய வேண்டும், யாரை நேராகப் பார்க்கக் கூடாது என்று எங்க அய்யாவுக்கு அளவு தெரியும். எந்த ஒளிப்பதிவாளருக்கும் குறைந்த கணக்கு இல்லை அது. ஒரு இஞ்ச் பிசகாமல் நிற்பார். லாங் ஷாட்டாக வாழச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்.

தொண்ணூறுகளில் வந்த படங்கள் இந்தக் கணக்கை அப்படியே திரையில் ஏற்றின. 'சின்னக் கவுண்டர்' 1992, 'தேவர் மகன்' 1992, 'நாட்டாமை' 1994. ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஓடு ஓடென்று ஓடின. மரத்தடி, பஞ்சாயத்து, வேட்டி, மீசை. நியாயம் சொல்கிறவரைக் கேமரா கீழே இருந்து பார்க்கும், பின்னால் ஆகாயம் தெரியும். நியாயம் கேட்கிறவரை மேலே இருந்து பார்க்கும், பின்னால் மண் தெரியும். நான் ஒன்றும் புரிந்து எதிர்த்தவன் இல்லை. அந்தப் படங்களை விசில் அடித்துத்தான் பார்த்தேன். எங்க தெருப் பயல்கள் அத்தனை பேரும் அடித்தோம். தரை டிக்கெட்டில் இருந்து அண்ணாந்து பார்க்கிறவனை, இன்னும் கொஞ்சம் அண்ணாந்து பாரு என்று சொல்கிற படம் அது. அந்தப் பாட்டுகளை ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டபோதுதான் அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது.

கீழே இருந்து எடுத்தால் பெரியவன், மேலே இருந்து எடுத்தால் சின்னவன் என்று ஒரு வாய்ப்பாடு போலச் சொல்லிவிட்டுப் போய்விடவும் முடியாது. 2000-த்துக்குப் பிறகு மதுரையில் தோழர்கள் போட்ட சில உலகப் படங்களைப் பார்த்தேன். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்', 1941. அதில் கேன் தேர்தலில் தோற்றுப் போய் நிற்கிற காட்சி ஒன்று. தோற்றவனை மேலே இருந்துதானே எடுக்க வேண்டும்? இவர்கள் தரையைத் தோண்டிக் கேமராவைக் குழிக்குள் இறக்கி, அடியில் இருந்து எடுத்திருக்கிறார்கள். கூரை அவன் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பெரிய உருவம் முழுக்கத் தோல்வி. அய்சன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்', 1925. படிக்கட்டில் மேலே இருந்து துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் இறங்கி வருகிறார்கள். எல்லாரும் கீழே ஓடுகிறார்கள். அடிபட்ட பிள்ளையைக் கையில் ஏந்தி ஒரு தாய் மட்டும் எதிர்த்து மேலே ஏறுகிறாள். சிப்பாய்களின் நிழல் அவள்மேல் விழுகிறது. அவள் கீழேதான் நிற்கிறாள். ஆனாலும் அந்தக் காட்சியில் பெரிய ஆள் அவள்தான்.

ஆனால் என்னை உலுக்கியது ஓசு. சப்பான்காரர். 'டோக்கியோ ஸ்டோரி', 1953. கேமரா தரையை ஒட்டி, பாயில் உட்கார்ந்திருக்கிற மனுசனின் ஒசரத்துக்கும் கொஞ்சம் கீழே, அப்படியே அசையாமல் இருக்கும். வயசான புருசனும் பெண்டாட்டியும் பாயில் உட்கார்ந்து பேசுவார்கள். நாமும் எதிரே உட்கார்ந்திருப்போம். கேமரா தாழ்ந்துதான் இருக்கிறது, ஆனால் யாரையும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர்களும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தரை டிக்கெட்டில் இப்படி ஒரு படம் பார்த்திருந்தால் எனக்குக் கழுத்து வலித்திருக்காது.

கேமரா மேலேயா கீழேயா என்று கேட்பதைவிட, அது யார் பக்கத்தில் நிற்கிறது, யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் கேமரா ஒரு நாள் ஒரு மச்சில் நின்றது. அதனால் சொல்கிறேன்.

1996 சித்திரை. அதற்கு முந்தின வருசம் ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியிருந்தது. தெற்கே முழுக்கக் கொதித்துக் கிடந்தது. பஸ்ஸில் போனால் யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்று பார்த்து உட்கார வேண்டிய காலம். எங்க ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை, வீடியோ எங்கள் ஸ்டுடியோவுக்கு. ஊரின் பேர் வேண்டாம். சப்பரம் புறப்படும்போது மேலே இருந்து ஒரு டாப் ஆங்கிள் வேண்டும் என்று விழாக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். தெரு முக்கில் இருந்த பெரிய வீட்டு மச்சுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நடுவீட்டு வழியாகத்தான் படி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். குடிக்க எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார்கள். அந்த வீட்டு நடைக்குள் எங்க ஆட்கள் யாரும் கால் வைத்திருக்க மாட்டார்கள். என் தோளில் இருந்த கேமரா என் தெருவை மறைத்துவிட்டது.

மச்சின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். கீழே தெரு முழுக்கத் தலை. சப்பரம் அசைந்து வருகிறது. சப்பரத்துக்கு முன்னால் பத்தடி தள்ளி, ஆறு பேர் கொட்டு அடித்துக்கொண்டு வருகிறார்கள். சட்டை இல்லை, இடுப்பில் துண்டு. மூணாவது ஆள் எங்க அய்யா.

அவர் அந்தக் கொடைக்கு வருவார் என்று எனக்குத் தெரியாது. நான் வந்தது அவருக்கும் தெரியாது. வழுக்கைத் தலையும் கொட்டும் இரண்டு கையும்தான் மேலே இருந்து தெரிந்தது. கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வலது கை அடிக்கிற வேகம் எனக்குத் தெரியாதா? ஜூம் பட்டனில் விரல் தானாகப் போனது. அவர் முகம் வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ, இப்போது சொல்லத் தெரியவில்லை. தலை பெரிசாகிக்கொண்டே வந்தது. மச்சு மேலே லைட் எரிந்தது அவருக்குக் கூசியிருக்க வேண்டும். அடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். நேரே கேமராவுக்குள். கேமராவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று தெரிந்துவிட்டது. முகம் மாறியது. சிரிக்கப் போனார்.

நான் கேமராவைத் திருப்பினேன்.

பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கிறார், அவர் தம்பி நிற்கிறார். கீழே கொட்டு அடிக்கிறவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று திரும்பினால் என் கதை முடிந்தது. மோர் டம்ளர் அங்கேதான் இருக்கிறது. பேன் பண்ணி சப்பரத்துக்குப் போய்விட்டேன். மறுபடி கேமராவைக் கீழே கொண்டுவந்தபோது அவர் குனிந்து அடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அந்தத் தெரு முக்கைத் தாண்டும்வரை அவர் தலை தூக்கவே இல்லை. விசயத்தைப் புரிந்துகொண்டார். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்றேன் இல்லையா? அன்றைக்கு மகனிடம் இருந்து தள்ளி நின்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "கொடை நல்லா நடந்துச்சா" என்று அம்மை கேட்டாள். "நல்லா நடந்துச்சு" என்று இரண்டு பேரும் சொன்னோம்.

கதை இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. மிக்சிங் பண்ணியதும் நான்தான். இரண்டு டெக்கை வைத்துக்கொண்டு ஒன்றில் ஓட்டி ஒன்றில் பதிகிற வேலை. அய்யா அண்ணாந்து பார்க்கிற துண்டு மூணு செகண்டுகூட இருக்காது. சிரிப்பு தொடங்குகிற இடத்தில் படக்கென்று கேமரா திரும்பியது அசிங்கமாகத் தெரிந்தது. அழிக்க மனசு வரவில்லை. அதனால் திரும்புகிற இடத்தை வெட்டிவிட்டு, அவர் முகத்துக்கு அடுத்தாற்போல அம்மன் முகத்தின் க்ளோசப்பை ஒட்டினேன். கொட்டு அடிக்கிறவர் அண்ணாந்து பார்க்கிறார்; அம்மன். ரொம்ப நல்லா வந்திருக்கு என்று முதலாளி பாராட்டினார். விழாக்காரர்களுக்கும் பிடித்தது. பக்தி அப்படியே முகத்துல தெரியுது என்றார்கள்.

ரசியாவில் குலெசோவ் என்று ஒருவர் 1920 வாக்கில் ஒரு சோதனை செய்தார் என்பதை நான் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நடிகனின் ஒரே முகத்தை எடுத்து, அதற்கு அடுத்து ஒருதரம் சூப்புக் கிண்ணம், ஒருதரம் சவப்பெட்டி, ஒருதரம் ஒரு பெண் என்று ஒட்டிக் காட்டினாராம். பசியை, துக்கத்தை, ஆசையை என்னமா காட்டுகிறான் என்று பார்த்தவர்கள் மெச்சினார்களாம். முகம் மாறவே இல்லை. குலெசோவ் சொன்னதை நான் பெத்த அப்பன் முகத்தை வைத்துச் செய்து பார்த்திருக்கிறேன்.

அவர் செத்த பிறகு அந்தக் கேசட்டைத்தான் தேடிப் போனேன். ஸ்டுடியோவில் மாஸ்டர் கேசட் கிடந்தது. ஓட்டி நிறுத்தினால் படத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். திரும்பத் திரும்ப நிறுத்தி, கோடு நெற்றிக்கு மேலே போகிற ஒரு இடத்தைப் பிடித்து, டி.வி. திரையையே ஸ்டில் கேமராவில் எடுத்துப் பிரிண்ட் போட்டோம். அதுதான் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கலங்கலான முகம், அண்ணாந்த கண். வாய் சிரிக்கத் தொடங்கவில்லை. மற்ற வீட்டுப் படங்களில் செத்தவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். எங்க அய்யா கூரையைப் பார்ப்பார்.

2018-இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது ராஜபாளையத்துக்குப் போய்ப் பார்த்தேன். மாரி செல்வராஜ் எங்கள் பக்கத்து ஆள், சீமை தெரிந்தவர். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று கல்லூரியில் சொன்னதும் பரியன் வேறு ஒருவரை அப்பனாக நடிக்கக் கூட்டிப் போகிறான். அரங்கில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் நிஜ அப்பன் வருகிறார், கூத்தில் பெண் வேசம் கட்டுகிறவர். அவரை அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். நல்லவேளையாக முடிவுக்குத் திரும்பி வந்தேன். சோவின் அப்பாவும் பரியனும் பேசுகிறார்கள். கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. கேமரா ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரட்டைக் கிளாஸைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஒரு ஷாட்டில் இருப்பது இன்னொருவர் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

2012-இல் 'அட்டகத்தி' வந்ததிலிருந்து கேமரா நிற்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் வந்திருக்கிறது. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்', 'காலா' எல்லாம் குடியிருப்புக்குள்ளே நின்று எடுத்த படங்கள். 'கர்ணன்' (2021) தொடங்கும்போதே ரோட்டு நடுவில் ஒரு சிறுமி வலிப்பு வந்து கிடக்கிறாள், வண்டிகள் விலகிப் போய்க்கொண்டே இருக்கின்றன, கேமரா மேலே இருந்து பார்க்கிறது. நான் மச்சில் நின்று எடுத்ததும் டாப் ஆங்கிள்தான். இது வேறு. இங்கே மேலே இருந்து பார்க்கிற நாமும் இறங்கி வராதவர்கள்தான் என்று அந்த ஷாட் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. 'மாமன்ன'னில் (2023) எம்.எல்.ஏ.வாக இருக்கிற அப்பன் ஆதிக்கச் சாதி வீட்டில் நின்றுகொண்டே இருக்கிறான், மகன் உட்காரச் சொல்கிறான். ஒரு நாற்காலி ஒசரத்துக்குத்தான் அத்தனை சண்டையும். திண்ணை ஒசரம் தெரிந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

ஒரு சந்தேகமும் உண்டு, தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாளும் குதிரையுமாக நம்ம ஆளைக் கீழே இருந்து எடுத்துப் பெரிதாகக் காட்டும்போது நானும் கை தட்டுகிறேன். இத்தனை வருசம் அவனை அண்ணாந்து பார்த்த கழுத்துக்கு அது ஒரு ஆறுதல். ஆனால் கழுத்து அண்ணாந்துதானே இருக்கிறது? மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே எடுத்த 'பன்றி' (2013) வேறு மாதிரி முடிகிறது. பன்றியைக் கம்பில் கட்டிக் குடும்பமே தூக்கிப் போகிறது; பின்னால் பள்ளிக்கூடச் சுவரில் அம்பேத்கர். கடைசியில் கேலி செய்கிறவனைப் பார்த்துப் பையன் கல்லை எறிகிறான். கல் நேரே கேமராவுக்கு வருகிறது, திரை இருட்டாகிறது. அந்தக் கல் என் மச்சுக்கும் வந்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

போன வருசம் என் மகள், கல்லூரியில் படிக்கிறவள், செல்போனில் அம்மையைப் படம் எடுத்தாள். ஏதோ பாடத்துக்கு வேண்டுமாம். அம்மை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். மகள் நின்றுகொண்டு ஆரம்பித்தாள். அப்புறம் அவளாகவே எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாத்தாவைப் பத்திச் சொல்லு ஆச்சி என்றாள். அம்மை சுவரைக் காட்டினாள். "ஒங்க அப்பந்தான் எடுத்தான். அம்மன் சப்பரம் வரும்போது அடிச்சுக்கிட்டே அண்ணாந்து பாக்காரு பாரு. சாமியைக் கண்ணால கண்ட மொகம்" என்றாள்.

இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக அவள் அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறாள். கேசட்டைப் பார்த்தவள் இல்லையா, அடுத்து வருவது அம்மன் என்று தெரியும். நான் திருத்திச் சொன்னதில்லை. கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, இனி ஓட்டிக் காட்டவும் முடியாது. அம்மைக்குப் படிக்கத் தெரியாது. மகள் இதை வாசித்துக் காட்டினால் காட்டட்டும்.